புழு வைத்த முட்டைக்கோஸ்

முட்டைக்கோஸ் வாங்குகிறவர்களை நீங்கள் கவனித்திருக்கிறீர்களா, ஐயா? கையில் தூக்கிப் பார்ப்பார்கள், விரலால் தட்டிப் பார்ப்பார்கள், மேல் இலையை லேசாக விலக்கி உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். அப்படி என்னதான் தேடுகிறார்கள் என்று எனக்கு நெடுநாள் விளங்கவில்லை. அத்தான் எப்படி இறந்தார் என்றுதானே கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன். அவர் என் கூடப் பிறந்த அக்காவின் கணவர், அதனால் அவர் விஷயத்தில் எதையும் விட்டுவிட்டுச் சொல்ல எனக்கு மனம் வராது. கோஸிலிருந்து தொடங்கினால்தான் சரியாக வரும்.

என் கடை, அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் மருந்துக்கடைக்கும் முடிதிருத்தும் கடைக்கும் நடுவில் இருக்கிறது. உள்ளே இரண்டே அலமாரிகள். இடது பக்கம் 'ஆர்கானிக்' என்று பலகை, வலது பக்கம் 'இறக்குமதி' என்று பலகை. இரண்டுக்கும் சரக்கு ஒரே லாரியில்தான் வரும். பார்க்க லட்சணமாக இருப்பதைத் துணியால் துடைத்துப் பளபளப்பாக்கி, யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி வலது பக்கம் அடுக்குவேன். கோணல்மாணலாக இருப்பதை அப்படியே இடது பக்கம் போடுவேன். நான் பொய் சொன்னதாக ஒருவரும் சொல்ல முடியாது. பலகைதான் சொன்னது, நான் வாயே திறக்கவில்லை.

ஆனாலும் வியாபாரம் படுத்துவிட்டது. வெளிநாட்டு ஆப்பிளைக்கூடக் கேள்வி கேட்காமல் எடுத்துவிடுவார்கள். ஆர்கானிக் என்றால் போதும், ஆளாளுக்கு வக்கீலாகிவிடுவார்கள். சர்டிபிகேட் இருக்கிறதா என்பார்கள். இருக்கிறது என்று காட்டினால், அதைக் கொடுத்தவர்களை நம்பலாமா என்பார்கள். நம்பலாம் என்றால், உங்களை எப்படி நம்புவது என்று ஆரம்பித்த இடத்துக்கே வந்து நிற்பார்கள். காய்கள் வாடி, நானும் வாடி, கடையை மூடிவிடலாம் என்று இருந்தேன்.

அப்போதுதான் இரண்டாவது மாடியில் இருக்கும் பல் டாக்டரம்மா ஒரு கோஸின் இலையை விலக்கியபோது உள்ளேயிருந்து ஒரு பச்சைப் புழு தலையை நீட்டியது. எனக்கு உயிரே போய்விட்டது. அந்தம்மாவுக்கோ முகமெல்லாம் மலர்ச்சி.

"பாத்தீங்களா? புழு உயிரோட இருக்குன்னா மருந்து அடிக்கலன்னு அர்த்தம். இத விட என்னங்க சர்டிபிகேட் வேணும்?" என்று கடையில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, இன்னும் இரண்டு கோஸையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போனார். மாலைக்குள் குடியிருப்பு முழுக்கச் செய்தி பரவி, இடது அலமாரி காலியாகிவிட்டது.

ஜனங்கள் எதைத் தேடுகிறார்கள் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. கேட்டதைக் கொடுப்பதுதானே கடைக்காரன் வேலை. ஊருக்கு வெளியே ஒரு காலி மனையில் கொஞ்சம் புழுக்களைப் பொறுக்கிவந்து, காலையில் கடை திறந்ததும் கோஸுக்கு ஒன்றாக வைத்தேன். மதியத்துக்குள் எல்லாம் சுருண்டு செத்துக் கிடந்தன. மறுநாளும் அப்படியே. அந்தச் சரக்கில் அவ்வளவு மருந்து அடித்திருந்தார்கள். டாக்டரம்மா பார்த்த அந்த ஒன்று மட்டும் எப்படித் தப்பியதோ. செத்த புழுக்களை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தேன். கடைசியில் உண்மை விளங்கியது. புழுவைக் காலையிலேயே வைக்கக் கூடாது, வாடிக்கையாளர் படியேறும்போதுதான் வைக்க வேண்டும்.

அதன் பிறகு மொட்டை மாடியில் நானே புழு வளர்க்க ஆரம்பித்தேன். செருப்பு டப்பாக்களில் ஓட்டை போட்டு, ஈரத்துணி விரித்து, வேளாவேளைக்கு இலை கொடுப்பேன். கடை இலையைக் கொடுத்தால் செத்துவிடுமே. அதனால் தொட்டிகளில் கோஸ் பயிரிட்டேன். ஒரு சொட்டு மருந்து கிடையாது, மக்கிய உரம் மட்டும்தான். வெளிப்பூச்சி எதுவும் அண்டாதபடி மேலே கொசுவலை கட்டினேன். கோஸ் ஒவ்வொன்றும் கண்ணாடி மாதிரி வந்தது. நானும் அதைத்தான் சாப்பிட்டேன், எனக்குக் கொஞ்சம் பலவீனமான வயிறு.

புருவம் திருத்தும் இடுக்கியால் புழுவை நோகாமல் எடுத்து, கல்லாவுக்குக் கீழே குனிந்து இலைக்குள் வைத்துவிட்டு நிமிர இரண்டு நொடி போதும். சிலருக்குப் புழு வராவிட்டால் கோபம்கூட வரும். "எனக்கு மட்டும் ஏங்க புழு இல்ல?" என்று ஒரு பெரியவர் சண்டைக்கே வந்துவிட்டார். வழக்கமாக வருகிறவர்களுக்கு நான் இரண்டு வைப்பேன்.

இப்படி இருக்கும்போது அத்தானுக்குச் சிறுநீரக ஆபரேஷன் ஆனது. மருந்து படாத காயாகப் பார்த்துக் கொடுங்கள், உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வேகவைத்தால் சத்து போய்விடும் என்று யாரோ சொல்ல, அக்கா தினமும் பச்சைக் கோஸை அரைத்துச் சாறாகக் கொடுக்க முடிவு செய்துவிட்டாள். நேராக என்னிடம் வந்தாள்.

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை, ஐயா. என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். விறுவிறுவென்று மாடியேறி, வலைக்குள் இருந்ததிலேயே நல்ல கோஸாகப் பறித்து வந்து அவள் கையில் கொடுத்தேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னடா இது, பொம்மை மாதிரி இருக்கு?"

"நல்ல கோஸ்க்கா. இதையே எடுத்துட்டுப் போ."

"ஒரு ஓட்டை இல்ல, ஒரு புழு இல்ல. மருந்துல முக்கி எடுத்ததுதானே இது? ஊருக்கெல்லாம் நல்லதக் குடுத்துட்டு, கூடப் பொறந்தவளுக்கு இதத் தர்றியா?" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அவருக்கு ஒண்ணுன்னா நான் என்னடா தம்பி பண்ணுவேன்?"

ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம் என்கிறீர்கள். எனக்கும் அது தோன்றாமல் இல்லை, நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் பக்கத்தில் பல் டாக்டரம்மா நின்றுகொண்டிருந்தார். தவிர, உண்மையைச் சொல்லியிருந்தால் அக்காவுக்கு என் மேல் இருந்த நம்பிக்கை அன்றோடு போயிருக்கும். கட்டியவர் படுக்கையில் கிடக்கும் நேரத்தில் ஒரு பெண்ணுக்கு நம்பிக்கைதானே பலம். அதைப் பறிக்க எனக்கு மனம் வரவில்லை. இடது அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து, கீழே குனிந்து, சொந்தம் என்பதால் மூன்று புழுவாக வைத்துக் கொடுத்தேன். அவள் சிரித்துவிட்டாள். உங்கள் தம்பி தங்கமான மனுஷர் என்று டாக்டரம்மாவும் சொன்னார்.

பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள் வந்து வாங்கிப் போனாள். அத்தானுக்கு வாந்தி வருகிறது, கை நடுங்குகிறது என்றாள். "உடம்புல இருக்கிற பழைய விஷமெல்லாம் வெளிய வருதாம்டா. இன்னொரு டம்ளர் சேத்துக் குடுக்கச் சொல்றாங்க," என்றாள். "இருக்கும்க்கா," என்றேன். அன்றிலிருந்து அவளுக்கு இரண்டு கோஸ். புழுக்களும் கொழுத்ததாகப் பார்த்து வைத்தேன். அவள் ஒரு நாளும் குறை சொன்னதில்லை.

அத்தான் போன அன்று அவள் என் தோளில் சாய்ந்து, கடைசிக் காலத்தில் அவருக்கு நல்லதாகக் கொடுத்தோம் என்ற ஒரு திருப்தியாவது இருக்கிறது என்று அழுதாள். அந்தத் திருப்தியை அவளுக்குக் கொடுத்தவன் நான். ரத்தத்தில் பூச்சிமருந்து என்று ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்து, நீங்கள் வந்து அவளிடம் சொன்னதுதான் அவளை உடைத்துவிட்டது. அதை நீங்கள் கொஞ்சம் பக்குவமாகச் சொல்லியிருக்கலாம்.

ஆமாம், தெரிந்துதான் கொடுத்தேன். முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை, ஒவ்வொரு கோஸையும் தெரிந்துதான் என் கையால் கொடுத்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அக்கா வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போன அந்த நல்ல கோஸை என்ன செய்தேன் என்று கேட்டீர்கள். வீணாக்கவில்லை, ஐயா. பொடியாக நறுக்கி மாடியில் புழு டப்பாக்களில் போட்டேன். எல்லாம் தெம்பாக இருக்கின்றன. என் கையால் சாப்பிட்டது ஒன்றுகூட இதுவரை சாகவில்லை.