முருகன் படத்தின் கடைசி வரி

கூலிம் போலீஸ் நிலையம். ஜப்பான் வருடம் 2603, பழைய கணக்கில் 1943, மார்ச் 14.

பெயர் செல்லாயி, வயது 29. புருஷன் சின்னையா இறந்துவிட்டார். கரங்கான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், கூலிக்காரர் வரிசை வீடுகளில் ஏழாம் லயத்தில் குடியிருக்கிறேன். முன்பு பால் வெட்டினேன், இப்போது மரவள்ளி நடுகிறேன். எந்த மொழியிலும் எழுதப் படிக்கத் தெரியாது.

வரைவதற்கு எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. தீப்பெட்டி, பிஸ்கட் டின், சாமி படம் என்று கிடைத்ததைப் பார்த்துப் பார்த்து வரைந்து பழகினேன். படத்தின் மேல் நூல் கட்டிக் கட்டம் பிரிப்பேன். அந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறதோ அதைக் கூட்டாமல் குறைக்காமல் என் கட்டத்தில் போடுவேன். மூக்கு என்றோ மயில் என்றோ நினைத்தால் கை கோணிவிடும். கோடாகத்தான் பார்க்க வேண்டும்.

போன தீபாவளி முடிந்து, தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி தர்மலிங்கம் நான் வரைந்ததைப் பார்த்தார். அதன் பிறகு தன் வீட்டிலிருந்த பழைய முருகன் படத்தையும், ஓடிப்போன வெள்ளைக்காரத் துரைசாணி விட்டுச் சென்ற காகிதத்தையும் வண்ணப் பெட்டியையும் கொண்டுவந்து, இதேபோல் வரைந்து கொடு என்றார். ஜப்பான்காரன் வந்த பிறகு இந்தியாவிலிருந்து கப்பல் வராததால் சாமி படம் கிடைப்பதில்லை என்றார். படத்தின் அடியில் பொடியாக ஒரு வரி இங்கிலீஷ் எழுத்து இருந்தது. அதையும் போட வேண்டுமா என்று கேட்டேன்.

"அது முருகன் பேருதான் செல்லாயி. சாமி பேர விடலாமா? அப்படியே போடு" என்றார்.

ஒவ்வொரு தடவையும் தலைக்குக் குளித்துவிட்டு வந்துதான் அந்த வரியை வரைந்தேன்.

அப்படிப் பதினொரு படம் வரைந்தேன். அவர் அரிசி கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். ஆனால் டவுனில் எல்லோரும் உன் கையைத்தான் பேசுகிறார்கள் என்று அவர் சொன்னாரே, அதற்காகத்தான் கண் எரிய எரிய வரைந்தேன்.

அதன் பிறகு கூலிமில் சுப்பிரமணியம் கடையில் கூரை ஒழுகி, அங்கே விற்க வைத்திருந்த என் படம் ஒன்றின் சாயம் கரைந்தது. அச்சுப் படம் கரையாது, அதனால் கையால் வரைந்தது என்று போலீசுக்குத் தெரிந்துவிட்டது. புதிதாக வரைந்த படத்தில் இங்கிலீஷ் எதற்கு, வெள்ளைக்காரனுக்கு ரகசியச் சேதியா என்று கேட்டு, கிராணியிடம் விசாரித்து என்னைப் பிடித்துவந்தார்கள். நேற்று கடைக்காரரை என் எதிரிலேயே விசாரித்தார்கள்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கையால வரைஞ்சதா? இந்தியாவுல அச்சடிச்ச பழைய சரக்குன்னு சொல்லித்தானே கிராணி குடுத்தாரு" என்றார். என் பெயரையே அவர் கேள்விப்பட்டதில்லை.

அதன் பிறகு, போலீசுக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி அந்த வரியைப் படித்துச் சொன்னார். அதில் முருகன் பெயர் இல்லை. இந்தப் படம் எங்கள் அச்சகத்துக்கே உரியது, அனுமதியில்லாமல் யாரும் இதைப் பார்த்து வரையக் கூடாது என்று இருந்ததாம். பார்த்து வரையாதே என்பதையே நான் பதினொரு தடவை பார்த்து வரைந்திருக்கிறேன். கிராணி இங்கிலீஷ் படித்தவர். அந்த வரி இருந்தால்தான் அச்சுப் படம் என்று நம்புவார்கள் என்று அவருக்குத் தெரியும். என்னிடம் மட்டும் சாமி பெயர் என்றார்.

இப்போது அவர், எழுத்தைப் போடாதே என்று தான் தடுத்ததாகவும், நானாகத் திருட்டுத்தனமாகப் போட்டதாகவும் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதை நம்பினால் என்னை ஜப்பான் ராணுவப் போலீசிடம் ஒப்படைப்பார்கள். அங்கே போனவர்கள் யாரும் எங்கள் லயத்துக்குத் திரும்பி வந்ததில்லை.

நான் சொன்னதெல்லாம் நிஜம். அடித்தோ ஆசை காட்டியோ யாரும் சொல்ல வைக்கவில்லை. இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே எழுதியிருக்கிறது என்கிறார்கள். கிராணியும் இப்படித்தான் ஒரு வரியைப் படித்துச் சொன்னார். வேறு வழி தெரியாமல் கைநாட்டு வைக்கிறேன்.

செல்லாயி
இடது கைப் பெருவிரல் ரேகை