பேரும் நட்சத்திரமும் சொல்லி

மல்வேர்ன் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்த மூத்தவர் சொன்னதைக் கேட்டதும் நான் கைபேசியை மடியில் வைத்தேன்.

"மாலாவின்ர பெட்டைக்கு மெடிசின் படிக்க இடம் கிடைச்சது என்ர அர்ச்சனையாலதான்."

"என்னக்கா சொல்லுறியள்?"

"டிகிரி முடிச்சிட்டு அவள் வீட்டில சும்மா இருக்கிறாள், வேலை ஒண்டும் சரிவரேல்லை எண்டு மாலா என்னட்டை அழுதவ. பாவமெண்டு நான் வெள்ளிக்கு வெள்ளி கோயிலுக்குப் போய், அவளின்ர பேர், நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்விச்சனான். இப்ப பாத்தா, அவள் சும்மா இருக்கேல்லை. மெடிக்கல் ஸ்கூலுக்குப் போறதுக்கெண்டே டிகிரிக்கு மேல இன்னொரு கோர்ஸ் படிச்சிருக்கிறாள்."

"நாவூறு படுமெண்டு மாலா மறைச்சிருப்பா."

"ஆரின்ர நாவூறு? அர்ச்சனை செய்விச்ச என்ர நாவூறோ? நேற்று லட்டுப் பெட்டியோட வந்து நிக்கிறா. எனக்குச் சுகர் எண்டு அவவுக்கு நல்லாத் தெரியும்."

இளையவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு குரலைத் தணித்தார்.

"உங்கட மகனும் இந்தமுறை மெடிசினுக்கு அப்ளிகேஷன் போட்டவரெல்லோ?"

"ஓம். இன்டர்வியூவுக்குக்கூடக் கூப்பிடேல்லை."

"அவற்ற பேரிலயும் அர்ச்சனை செய்விச்சனீங்களோ?"

என் நிறுத்தம் வந்தது. நான் எழும்பவில்லை. பேருந்துக் கதவு திறந்து மூடும்வரை மூத்தவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் கெட்டிக்காரனெல்லோ. அவனுக்கு ஏனெண்டு விட்டிட்டன்."