பாதாம் மரத்தின் இரண்டு பக்கம்

— வேண்டாம் ஞானபாய் மைனி. மாலையை அந்த மதில் கல்லுமேலே வச்சுட்டுப் போங்க. ஒம்பது வருசமா எனக்கிட்டே ஒரு வார்த்தை மிண்டாத அண்ணனுக்கு இன்னைக்கு என்ன?

— அவரு கேக்கல்லே, ஜெபசிங்கு. நான்தான் கேக்கேன். கட்டிலைச் சன்னல் பக்கமா நீக்கிப் போடச் சொன்னாரு. காலத்தே விடிஞ்சதுலே இருந்து மரத்தையே பாத்துட்டுக் கெடக்காரு. இனி ஆஸ்பத்திரிக்கு எடுக்காண்டாம்னு டாக்டர் சொல்லியாச்சு.

— கர்த்தர் சமாதானம் குடுக்கட்டும். அதுக்குப் பாதாம் மரத்துக்கு மாலையா? பழவங்காடி கோயில்லே கணபதிக்குக் கெட்டினது அல்லே இது? சர்ச் கமிட்டியிலே என்னை வச்சேக்குவாவளா?

— பூவுக்கு எந்த சபை? உங்க அண்ணன் சர்க்கார் தோட்டத்து மரங்களுக்குப் பேர்த் தகரம் எழுதினவரு. பாதாமுக்கு டெர்மினாலியான்னு எழுதையிலே, அதே பேருலே பண்டு ரோமாக்காரங்களுக்கு ஒரு திருநாள் உண்டும்னு ஏதோ ஒரு சார் சொன்னாராம். பிப்ரவரி இருபத்திமூணு, இன்னைக்குத்தான். எல்லைக்கல்லுக்கு ரெண்டு வீட்டுக்காரங்களும் அவங்கவங்க பக்கம் நின்னு மாலை போட்டு, சேர்ந்திருந்து திங்கணும். நம்ம எல்லையிலே கல்லு எங்க? மரம்தானே நிக்குது.

— மரம் தனக்கதுன்னு காட்டத்தான் அண்ணன் வருசாவருசம் அவரு பக்கம் மாலை கெட்டுதாருன்னு எனக்க வக்கீல் சொன்னாரு.

— வக்கீலுக்கு வேற என்ன தெரியும்? இதையும் கேளு. ஒன் பக்கம் வருசாவருசம் ஒரு மாலை கெடந்துதே, அது நீ கெட்டினதுன்னே அவரு நம்பிட்டு இருக்காரு. 'தம்பிக்கு மனசு மாறியாச்சு, வாயாலே சொல்லத்தான் நாணம்'னு சொல்லிச் சிரிப்பாரு. கெட்டினது நான். விடியுமுன்னே ஒனக்க கேட்டு வழியா வந்து கெட்டிட்டுப் போவேன்.

— அப்போ இன்னைக்கும் நீங்களே கெட்டலாமே.

— இன்னைக்கு கண்ணு முழிச்சு அங்கயே பாக்காரே. கெட்டுத கை ஆருக்க கைன்னு தெரியும்.

— தெரிஞ்சா என்னவாம்?

— போற மனுசன். ஒம்பது வருசம் நான் சொன்ன பொய்யைத் தெரிஞ்சுட்டா போகணும்? இந்த எல்லைக் கேசுலே கோர்ட்டுலே ஜெயிச்சவன் நீ. மதில் கெட்ட எறக்கின கல்லு பாசி பிடிச்சுக் கெடக்கு, நீ கெட்டவும் இல்லே. அந்த தைரியத்துலேதான் வந்தேன்.

— தாங்க அந்த மாலையை.

— கெட்டுதியா? சத்தியமா?

— கெட்டுதேன். பொறவு அங்க வந்து ஒரு வாய் கஞ்சி குடிக்கேன், அண்ணன் பக்கத்துலே இருந்து. அதுக்கு முந்தி ஒண்ணு சொல்லுங்க மைனி. எனக்க கேட்டு எந்நேரமும் பூட்டித்தான் கெடக்கும். பால்காரன்கூட ரோட்டுலே நின்னுதான் கூப்பிடுவான். உங்களுக்கு மட்டும் எப்படித் தொறந்து கெடந்துது?

— அது... கர்த்தருக்க கிருபைன்னு நெனச்சேன்.

— மொத வருசம் கேட்டைப் பூட்ட மறந்திருந்தேன்; அப்பவே உங்களைக் கண்டேன். அன்னைக்கு மத்தியானம் அண்ணன் அந்த மாலையைப் பாத்துட்டு, இந்த வீட்டைப் பாத்துத் தலையாட்டினாரு. அதுக்குப் பொறவு ஒவ்வொரு வருசமும் இருபத்திரெண்டாந் தேதி சாயந்தரம் பூட்டைக் கழத்தி வச்சது நான்தான்.