வட்டத்துல கிழிஞ்ச பேரு

வயசு இருபத்திநாலுதாம்மா. சீட்டுல சரியாத்தான் எழுதியிருக்கு. வாசல்ல இருக்கிற பொண்ணு, படிப்பை முடிச்சுட்டு அடுத்து என்னன்னு தவிக்கிற பிள்ளைங்களுக்குத்தான் இங்க கவுன்சிலிங், இருபத்தஞ்சுக்கு மேல இருந்தா உள்ள விடமாட்டோம்னா. சரி போன்னு இருபத்திநாலு போட்டேன். பல்லு போனது வேற விஷயம். எங்க ஊரு முடோகோவுல கிணத்துத் தண்ணி அப்படி. குடிச்சா மனசு நின்ன இடத்துலயே நிக்கும், மூஞ்சி மட்டும் முந்திக்கிட்டு ஓடிரும். என் தம்பிக்குப் பிறந்தப்பவே தாடி.

சிரிக்கலையே நீ. சரி.

உக்காரலாமா? ரெண்டு நாற்காலி, நடுவுல ஒரு மேஜைகூட இல்ல, கைய எங்க வெக்கிறது? அது என்ன டப்பா, கண்ணு தொடைக்கிற காகிதமா? அந்தப் பக்கம் நகத்திரு, எனக்கு வேண்டாம். இந்தா, வேர்க்கடலை. நானே வறுத்தது.

உன் குலம் என்ன? அதுகூடவா சொல்லக்கூடாது? காட்டெருமையா? அட, எங்கம்மாவும் காட்டெருமைக் குலம்தான். அப்ப எனக்கு நீ அம்மா முறை, நான் உன் பிள்ளை. பிள்ளைகிட்ட அம்மா எதையும் மறைக்கக்கூடாது. சொல்லு, பட்சிராய் இங்கதானே வர்றான்? வியாழக்கிழமை பத்து மணிக்கு?

வர்றான்னும் சொல்லமாட்ட, வரலைன்னும் சொல்லமாட்ட. கெட்டிக்காரி. ஒழுங்காச் சாப்பிடறானா, அதையாவது... சரி சரி, விடு.

என் தங்கச்சி மகன் அவன். நான் தாய்மாமன். நம்ம வழக்கம் உனக்குத் தெரியாததா? பையன் மனசுல இருக்கிறதை அப்பன்கிட்டப் பேசமாட்டான், மாமன்கிட்டத்தான் வருவான். பொண்ணு புடிச்சாலும் மாமன், வயிறு கலங்கினாலும் மாமன். அவன் மீசை முளைக்கிறதுக்கு முன்னாடிலேர்ந்து அந்த வேலை என்னோடது. இப்ப ஆறு வாரம் பழகின உன்கிட்ட வந்து மூக்கைச் சிந்துறான். கோவிச்சுக்காத. என் நாற்காலியில நீ உக்காந்திருக்க, அவ்வளவுதான்.

எனக்கு எப்படித் தெரியும்னா? போன வாரம் ஊர்லேர்ந்து இங்க ஹராரேக்கு பஸ் ஏறி அவன் ரூமுக்குப் போனேன். என் குரல் கேட்டதும் பின்வாசல் வழியா ஓடிட்டாம்மா. அடுப்புல சோளக்களி கொதிக்குது, ஆளைக் காணோம். வீட்டுக்காரம்மா என்னைப் பாத்து, நீங்க போலீசான்னு கேக்குறா. களி அடிப்புடிச்சிருமேன்னு நான்தான் நின்னு கிண்டினேன். அப்பத்தான் கட்டில் மேல கிடந்த தாளைப் பாத்தேன். மேல இந்த இடத்துப் பேரு, தேதி. கீழ வட்டத்துக்குள்ள வட்டம். நீ குடுத்த வீட்டுப்பாடம்தானே? ரொம்ப நம்புறவங்களை நடுவுல எழுது, மத்தவங்களைத் தள்ளித் தள்ளி எழுதுன்னு? நடுவுல அவங்கம்மா. பக்கத்துல உன் பேரு. அதுக்குப் பக்கத்துல என் பேரை எழுதி அடிச்சிருக்கான். ஒரு கோடு போட்டு அடிச்சிருந்தா, ஏதோ கோவம்னு விட்டிருப்பேன். பேனா தாளைக் கிழிச்சுக்கிட்டு அந்தப் பக்கம் போயிருக்கும்மா. விரலை விட்டுப் பாத்தேன். விரல் போகுது.

இருபத்திமூணு வருஷமாத் தோள்ல தூக்கின மாமன் இப்ப ஒரு ஓட்டை.

அவன் சொன்னதைக் கேட்டிருப்ப. என்னோடதையும் கேளு. குவேரு காலேஜ்ல விவசாயம் படிச்சான், மூணு வருஷம். கடைசிப் பரீட்சையில ரெண்டு பாடம் போச்சு. வீட்டுல சொல்ல தைரியமில்ல. பட்டமளிப்பு அன்னிக்கு என் தங்கச்சியும் நானும் சர்ச் ஜனங்களும் ஒரு வேன் நிறையப் போய் இறங்கிட்டோம். உள்ள இடமில்ல, கேட்டுகிட்டயே நில்லுங்கன்னான். போட்டோக்காரன்கிட்ட கறுப்பு அங்கியும் தொப்பியும் வாடகைக்கு வாங்கி மாட்டிக்கிட்டு எங்க முன்னாடி வந்து நின்னு போட்டோ எடுத்துக்கிட்டான். என் தங்கச்சி போட்ட குலவையில ரோட்டுல போன லாரி நின்னுச்சு. ஊருக்கு வந்து எருது அடிச்சோம், ரெண்டு நாள் விருந்து. மூணாம் நாள், உண்ணி போக மாடுங்களை மருந்துத் தண்ணித் தொட்டியில இறக்கிக்கிட்டிருந்தப்ப, எங்கிட்ட மட்டும் உண்மையைச் சொன்னான். திரும்ப எழுதிப் பாஸாயிடறேன் மாமா, அதுவரைக்கும் உங்களோட இருக்கட்டும்னான். என் வயித்துல போட்டாச்சு, இனிமே அது வெளிய வராதுன்னேன்.

ரெண்டே மாசம். அவங்கப்பனுக்குத் தெரிஞ்சுபோச்சு. அந்தாளு சர்ச்சுல எழுந்து நின்னு, எங்க வீட்டுல பட்டதாரி யாரும் இல்ல, எருதைச் சாப்பிட்டவங்கள்லாம் மன்னிச்சுக்குங்கன்னுட்டான். பையன் அன்னிக்கே துணிமணியை எடுத்துக்கிட்டுக் கிளம்பினவன்தான்.

நான் வந்த காரியம் இதான். மாமா சொல்லலைன்னு நீ அவங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். நீ சொன்னா நம்புவான். நவம்பர்ல திரும்ப எழுதறானாம், வீட்டுக்காரம்மா சொன்னா. பாஸாகி நிஜமாவே அங்கி போட்டு நிக்கிறப்ப, பக்கத்துல தாய்மாமன் இல்லேன்னா எப்படி? ஊரு என்ன பேசும்? ஊரு கிடக்கட்டும், நான் என்ன பண்ணுவேன்?

என்ன கேட்ட?

அவ்வளவு நேரம் சும்மா இருந்துட்டு, கேக்குறதப் பாரு. நீங்க சொன்னீங்களான்னு.

ம்.

பேரை மாத்திட்டேம்மா. யாரோ மரோண்டேரா ஊருப் பையன்னு ஆக்கிட்டேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம், பியர்க்கடை வாசல். முதலைக்குப் பொண்ணு பாக்கப் போன கதைய ஆரம்பிச்சேன். முப்பது வருஷமா ஊரே விழுந்து விழுந்து சிரிச்ச கதை அது. ஒருத்தன் போனை நோண்டுறான். இன்னொருத்தன், பெருசு, இதை ஈஸ்டருக்கே சொல்லிட்டீங்கங்கிறான். ரெண்டு பேரு எழுந்து பேண்ட்டைத் தட்டுறாங்க. எங்கிட்டப் புதுசா ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு.

யாருன்னு தெரியக்கூடாதுன்னு, அங்கியோட கையை ஒரு ஆடு மென்னுருச்சுன்னு நானா சேத்தேன். என்னமாச் சிரிச்சாங்க தெரியுமா. எழுந்தவனெல்லாம் திரும்ப உக்காந்துட்டான். என் மச்சான், அதான் பட்சிராயோட அப்பன், அவனும் அங்கதான் இருந்தான். கண்ணுல தண்ணி வரச் சிரிச்சான். தொடையில அடிச்சுக்கிட்டு, இன்னும் சொல்லுங்கன்னான். சொன்னேன். வாடகைத் தொப்பி ரொம்பப் பெருசு, கீழ இறங்கி ஒரு காதை மடக்கிருச்சுன்னு.

அவன் சிரிப்பு அங்க நின்னுச்சு. காது மடங்கின அந்தப் போட்டோ அவன் வீட்டுச் சுவத்துலதானே தொங்குது, தினமும் அது கீழ உக்காந்துதானே சாப்பிடறான். தம்ளரைத் தரையில வெச்சுட்டு மெதுவாக் கேட்டான். எந்தக் காது மச்சான்?

எல்லாரும் என் வாயையே பாத்துக்கிட்டிருந்தாங்கம்மா.

இடதுன்னேன்.