நடுவில் ஒரு எலன்ராய்ட்

ஜோனஸ்: …அதத்தான் சொல்றேன், ஞாயித்துக்கெழம நெருங்கிடுச்சு. நீ கதவப் பாதி தொறந்து வெச்சுக்கிட்டே பேசுனா எப்படி, ஹன்னா?

ஹன்னா: முழுசாத் தொறந்தா எதுத்த வீட்டு ஜன்னலும் தொறக்கும். சரி, வாங்க மிஸ்டர் எலன்ராய்ட். சேறு மிதிச்சுட்டு வந்திருக்கீங்க, கால நல்லாத் தொடச்சுக்கங்க.

ஜோனஸ்: என்ன புதுசா வாங்க போங்கன்னு?

ஹன்னா: பெரிய மனுஷன். சர்ச்சுல முன் வரிச. டீ குடிக்கிறீங்களா?

ஜோனஸ்: வேண்டாம்.

ஹன்னா: ஊத்தியாச்சு. குடிங்க.

ஜோனஸ்: உன் மகனும் என் மகளும் கல்யாணம் பண்ணிக்கப் போறாங்கன்னு நேத்துதான் எனக்குத் தெரியும். ஹாலிஃபாக்ஸ்ல ஒரே மில்லுல வேலையாம்… அங்க பழக்கமாம்.

ஹன்னா: எனக்குப் போன மாசமே தெரியும். நெல்லி நல்ல பொண்ணு. உங்கள மாதிரி இல்ல.

ஜோனஸ்: வெளையாடாத. ஞாயித்துக்கெழம சர்ச்சுல பாதிரியார் கல்யாண ஓலை வாசிக்கறப்ப முழுப் பேரையும் வாசிப்பாரு.

ஹன்னா: வாசிக்கட்டுமே.

ஜோனஸ்: ‘வில்ஃப்ரெட் எலன்ராய்ட் கிரீன்வுட்டுக்கும் நெல்லி எலன்ராய்டுக்கும்…’ ஊரே உக்காந்து கேக்கும். இவங்க சேரக் கூடாதுன்னு யாருக்காவது காரணம் தெரியுமான்னு வேற கேப்பாரு.

ஹன்னா: கேக்கட்டும். டீயக் குடிங்க.

ஜோனஸ்: கல்யாணம் ஆகாமப் பெத்தவ புள்ளைக்கு எத நடுப்பேரா வெப்பான்னு இந்த ஊர்ல தெரியாதவன் உண்டா? அப்பனோட குடும்பப் பேரத்தான் வெப்பா. அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் கல்யாணமான்னு எழுந்து நின்னு கேக்க மாட்டாங்களா? நெல்லி உடைஞ்சு போயிருவா.

ஹன்னா: அப்பன் நீங்க இல்லன்னு உங்களுக்குத் தெரியும்ல?

ஜோனஸ்: எனக்குத் தெரியாமலா? ரெண்டு வருஷம் உன்கூட ஆத்தோரமா நடந்தேன். உன் கையத் தவிர எதையும் தொட்டதில்ல.

ஹன்னா: அதையும் பயந்து பயந்து.

ஜோனஸ்: எனக்குத் தெரிஞ்சு என்ன பண்ண? வேற பேரா இருந்தா சமாளிக்கலாம். கிரீன்வுட்னா தடுக்கி விழுந்தா ஒருத்தன் இருக்கான். எலன்ராய்ட் அப்படியா?

ஹன்னா: ஆரம்பிச்சுட்டாரு.

ஜோனஸ்: மேட்டுல எலன்ராய்டுன்னு இருக்கறது ஒரே ஒரு எடம். எல்டர் மரமா மண்டிக் கெடந்தத வெட்டி, ஒத்த ஆளாக் காடு திருத்துன நெலம். எலன்ராய்டுன்னு எவன் எங்க இருந்தாலும் அந்த ஒருத்தன் வம்சம்தான். அறுநூறு வருஷமா…

ஹன்னா: இத ஆத்தோரமா நீ எத்தன தடவ சொல்லியிருக்க!

ஜோனஸ்: இப்ப ‘நீ’ வந்துடுச்சு.

ஹன்னா: வாய் தவறிடுச்சு. ஆனா நீ ஒண்ண யோசிச்சதே இல்ல. மேட்டுலயே இருந்த வரைக்கும் அவன அந்தப் பேரச் சொல்லி எவன் கூப்பிட்டிருப்பான்? அங்க இருந்த எல்லாருமே எலன்ராய்டுக்காரங்கதான? கீழ எறங்கி வந்தப்புறம்தான், ‘யாருய்யா இவன்? எலன்ராய்ட்லருந்து வந்தவன்’னு ஆகியிருக்கும். எடத்த விட்டுட்டுப் போனவனுக்கு வெச்ச பேரு அது.

ஜோனஸ்: …நல்லாக் குத்திட்ட.

ஹன்னா: மளிகைக் கடைக்காரர் மக மார்த்தாவப் பாத்ததும் அவளக் கட்டப் போனியே, வேற எப்படிச் சொல்ல?

ஜோனஸ்: மார்த்தா போய்ச் சேந்துட்டா, விடு. நான் கேக்க வந்தது வேற. வில்ஃப் பொறந்தப்ப இந்தப் பக்கம் எலன்ராய்ட் ஆம்பளைங்க எங்கப்பா, நான், என் தம்பி ஹெர்பர்ட். அவ்வளவுதான். அப்பா படுத்த படுக்கையா இருந்தாரு. நான் இல்ல…

ஹன்னா: என்ன சொல்ல வர்ற?

ஜோனஸ்: பாதிரியார்கிட்ட மட்டும் ஒரு வார்த்த சொல்லிடு. ஹெர்பர்ட்னு. சித்தப்பன் மகன்னா சட்டத்துல தடை இல்ல. ஊர் வாயை அவரு பாத்துக்குவாரு.

ஹன்னா: ஹெர்பர்ட்டா? லூசி புருஷன் ஹெர்பர்ட்டா?

ஜோனஸ்: லூசியக் கட்டறதுக்கு முன்னாடிதான… எனக்குக் கோவம் இல்ல. போர்ல செத்தவன். அவன் பேரு பொறிச்ச தூணுக்கு லூசி இன்னும் பூ கொண்டு போறா. அவகிட்ட போய் இதச் சொல்ல முடியுமா? அதான் ஊரு என்னையே சொல்லிட்டுப் போகட்டும்னு வாயத் தொறக்கல.

ஹன்னா: இத்தன வருஷமாவா?

ஜோனஸ்: ஆமா.

ஹன்னா: மார்த்தாகிட்டயுமா சொல்லல?

ஜோனஸ்: அவ கேக்கல. வில்ஃப் தெருவுல போனா ஜன்னல்கிட்ட நின்னு பாப்பா. அன்னிக்குச் சாப்பாட்டுத் தட்டக் கொஞ்சம் சத்தமா வெப்பா. அவ்வளவுதான்.

ஹன்னா: ஐயோ… ஜோனஸ்.

ஜோனஸ்: என்ன ஐயோ?

ஹன்னா: ஹெர்பர்ட் என்ன நிமிந்துகூடப் பாத்ததில்லய்யா. ‘எங்கடா உங்கண்ணன்’னு கேட்டாலே காது செவந்துடும் அதுக்கு.

ஜோனஸ்: அப்ப… யாரு?

ஹன்னா: நீ கல்யாணம் பண்ணுன வருஷம் மில்லு லீவுக்கு எல்லாரும் பிளாக்பூல் போனோம். கடற்கரை மணல்ல ஒருத்தன் கழுதச் சவாரி விட்டுட்டு இருந்தான். நல்லாச் சிரிப்பான்.

ஜோனஸ்: கழுதைக்காரனா!

ஹன்னா: பேரு ஸ்மித்னான். அதுவும் நெசமோ பொய்யோ. வில்ஃப் கல்யாணம்னு வந்து நின்னதும் அப்பன் யாருன்னு அவன்கிட்ட சொல்லிட்டேன். தைரியமாக் கட்டிக்கோடான்னேன்.

ஜோனஸ்: ஊருக்கு ஏன் சொல்லல?

ஹன்னா: சொன்னா, அப்புறம் எதுக்கு அந்தப் பேர வெச்சேன்னு கேப்பாங்களே. தப்புப் பண்ணுனவள்னு பேரு வாங்கிக்கறது சுலபம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்றதுதான் அசிங்கமா இருந்துச்சு.

ஜோனஸ்: ஹெர்பர்ட்ட நான் தூண்ல பாக்கும்போதெல்லாம் மனசுக்குள்ள திட்டியிருக்கேன், ஹன்னா.

ஹன்னா: தெரியாமப் போச்சே… இந்தா பாரு, அவனையும் லூசியயும் இதுல இழுக்காத. ஞாயித்துக்கெழம பாதிரியார் காரணம் கேட்டாருன்னா நானே எழுந்து சொல்றேன். எல்லார் முன்னாடியும். கழுதையயும் சேத்து.

ஜோனஸ்: முன் வரிசையில என் பக்கத்துல வந்து உக்காரு. கடைசியில இருந்து சொன்னா யாருக்கும் கேக்காது.

ஹன்னா: பாக்கறேன். டீ ஆறிடுச்சு பாரு. உன் பொண்ணு இனி கிரீன்வுட், தெரியும்ல? உனக்கு மகன் இல்ல. ஹெர்பர்ட்டுக்குப் புள்ளையே இல்ல. உன் அறுநூறு வருஷம் உன்னோட சரி.

ஜோனஸ்: தெரியும். உன் மகன் பேருக்கு நடுவுலதான் கொஞ்சம் ஒட்டிட்டு இருக்கு. எதுக்கு வெச்ச, ஹன்னா? அத்தன கோவமா என் மேல? மாட்டி விடலாம்னா?

ஹன்னா: கோவமெல்லாம் கழுத மேல ஏறுனப்பவே எறங்கிடுச்சு. உன்கூட நடந்த ரெண்டு வருஷமும், யாரும் இல்லாதப்ப ‘ஹன்னா எலன்ராய்ட், ஹன்னா எலன்ராய்ட்’னு சொல்லிப் பாத்துட்டே இருந்தேன். எனக்குக் கெடைக்கல. வாய் நெறயக் கூப்பிட என் வீட்டுக்குள்ள ஒரு எலன்ராய்ட் வேணும்னு இருந்துச்சு, ஜோனஸ்… அதான் வெச்சேன்.