ஜிலேபிக்கு முப்பது டிகிரி

பாம்பு வளர்ப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை, ஐயா. மாடு கன்று வைத்திருப்பவன் படும் பாட்டில் பத்தில் ஒரு பங்கு கிடையாது. பத்து நாளைக்கு ஒருமுறை எலி ஒன்று. கூண்டின் ஒரு பக்கம் முப்பது டிகிரி சூடு, மறுபக்கம் கொஞ்சம் குளுமை. அதுவே தன் வசதிக்கு நகர்ந்துகொள்ளும். குடிக்கத் தண்ணீர், ஒளிந்துகொள்ள ஓர் உடைந்த பானை. அவ்வளவுதான்.

நம் ஊர்ச் சாதி இல்லை இது. கார்ன் ஸ்நேக் என்று அமெரிக்காப் பக்கத்துப் பாம்பு, விஷம் கிடையாது. என் மகன் ஜோஸ்வின் வாங்கி வந்தது. ஆரஞ்சு நிறத்தில் சுருண்டு கிடந்ததைப் பார்த்து ஜிலேபி என்று பேர் வைத்தான். எப்படி வளர்ப்பது என்று ஒரு நோட்டு முழுக்க எழுதியும் வைத்தான். உறைந்த எலியை எவ்வளவு நேரம் வெந்நீரில் போட வேண்டும், இடுக்கியில் எப்படிப் பிடித்து நீட்ட வேண்டும், தின்ற பிறகு ஏன் இரண்டு நாள் தொடக் கூடாது, எல்லாம் அதில் இருக்கும். அவன் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. அந்த நோட்டைத்தான் வேதம் மாதிரி வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

"சாத்தான வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டு என்னைய ஜெபமாலை சொல்லச் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டு என் மனைவி ஏஞ்சல் திருச்சியில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். போகட்டும். என் பிள்ளை கையால் தின்ற உயிர் என்று மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். அதுவும் போனால் நான் தூக்கில் தொங்கியிருப்பேன். சும்மா சொல்லவில்லை. நான் பேட்டரி மெக்கானிக், எது எவ்வளவு தாங்கும் என்று பார்த்துத்தான் பேசுவேன்.

அப்புறம் வீட்டில் நானும் அண்ணன் மைக்கேல்சாமியும் மட்டும். கல் கிரஷரில் இருபத்தாறு வருடம் தூசி தின்று அவருக்கு நுரையீரல் போய்விட்டது. கல்யாணம்கூடக் கட்டாமல், அந்தக் கூலியில்தான் என்னை ஐ.டி.ஐ. படிக்க வைத்தார். நான் நன்றி மறந்தவன் இல்லை. ஆக்ஸிஜன் மெஷின் வாங்கிப் போட்டேன். மூன்று வேளைக் கஞ்சியும் நானே கொடுத்தேன். கால் சில்லிட்டால் ரப்பர் பையில் வெந்நீர் ஊற்றிக் காலடியில் வைத்தேன். அவர்மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது.

பைக் சாவியைக் கொடுத்தது அவர்தான், அது உண்மை. பிரேக் சரியில்லை, பையன் கேட்டால் கொடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் அன்றைக்கு நான் கடைக்குப் போனேன். ஜிலேபிக்கு எலி தீர்ந்துவிட்டது, திருச்சியில் வாங்கி வருகிறேன் என்று இவன் போய் நின்றிருக்கிறான். "கெஞ்சுனான்டா தம்பி. மனசு கேக்கல, குடுத்துட்டேன்" என்றார் அண்ணன். பிரேக் பிடிக்கவில்லை, வழியில் மாத்தூர் வரைகூடப் போய்ச் சேரவில்லை என் பிள்ளை. அதற்கு அவர் என்ன செய்வார், பாவம்.

போன புதன்கிழமை காலையில் ஜிலேபிக்கு எலி கொடுத்தேன். புயல் வருகிறது என்று டிவியில் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் பத்து நாள் முடிந்திருந்தது. பதினோரு மணிக்குக் காற்று பேயாட்டம் ஆடியது. கரண்ட் போனது. தின்ற பாம்புக்குச் சூடு குறைந்தால் செரிக்காது, ஐயா. கக்கிவிடும், செத்தும் போகலாம். நோட்டில் சிவப்பு மையால் அடிக்கோடு போட்டிருக்கிறான். பைத்தியக்காரன் மாதிரி கூண்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

ஊருக்கெல்லாம் இன்வெர்ட்டர் மாட்டினவன் வீட்டில் இருப்பது ஒரு பழைய பேட்டரி. கடைக்குப் போக வழியில்லை, சாலையில் புளியமரம் விழுந்து கிடந்தது. அண்ணன் மெஷினுக்கு அந்த பேட்டரி இரண்டு மணி நேரம் தாங்கும். கூண்டுக்கு அடியில் கிடக்கும் சூட்டு விரிப்பு பதினைந்து வாட்ஸ்தான், அதற்கு இரண்டு நாள் தாங்கும். இந்தப் புயலில் இரண்டு மணி நேரத்தில் கரண்ட் வருமா? அண்ணனுக்குக் கொடுத்தால் இரண்டு உயிரும் போகும். ஜிலேபிக்குக் கொடுத்தால் ஒன்றாவது மிஞ்சும். நீங்களே யோசித்துப் பாருங்கள். மெஷின் பிளக்கைப் பிடுங்கினேன்.

"தம்பி, மெசின் நின்னு போச்சுடா."

"கரண்ட் இல்லண்ணே. பேட்டரியும் வீக்கு. செத்த பொறுத்துக்கங்க."

"அந்தா செவப்பு லைட்டு எரியுதே."

கூண்டுச் சூட்டு விரிப்பின் லைட்டைத்தான் சொன்னார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "சாவியக் குடுத்தது தப்புத்தான்டா" என்றார். அந்தப் பேச்சை நான் எடுக்கவே இல்லை, ஐயா. அவராகத்தான் சொன்னார்.

பக்கத்து வீட்டுப் பிரகதாம்பாள் குடையோடு வாசலில் வந்து நின்றது. "அண்ணனுக்கு மூச்சு எப்படி இருக்குங்க? கீரனூர் ஆஸ்பத்திரிக்குப் போற ரோடு தெறந்துதான் கெடக்காம். வேணும்னா எங்க வீட்டுக் கார எடுக்கச் சொல்றேன்" என்றது. தங்கமான பெண். "இப்பதாம்மா தூங்குறாங்க, எழுப்ப வேணாம்" என்று அனுப்பிவிட்டேன்.

பன்னிரண்டேகாலுக்கு அண்ணன் மூச்சு அடங்கியது. பன்னிரண்டே முக்காலுக்குக் கரண்ட் வந்தது. வரும் என்று நான் கண்டேனா? ஜிலேபி எலியைக் கக்கவில்லை. நன்றாகச் செரித்துவிட்டது.

அந்த ரப்பர் பை எப்படிச் சுடச்சுட அவர் காலடிக்கு வந்தது என்று கேட்டீர்கள். நான்தான் வைத்தேன். மூச்சு நின்ற பிறகு காலைத் தொட்டேன், ஐஸாக இருந்தது. மனசு கேட்கவில்லை. கேஸ் அடுப்பைப் பற்றவைத்து, தண்ணீர் சுடவைத்து, பையில் ஊற்றி வைத்தேன்.

நோட்டையும் எடுத்து வைத்திருக்கிறீர்கள். முதல் பக்கத்தைப் பாருங்கள். 'கரண்ட் போனால் பயப்பட வேண்டாம். பெரியப்பாவின் வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றிக் கூண்டில் வைத்தால் போதும்' என்று ஜோஸ்வின் எழுதியிருப்பான். அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம், ஐயா.