ஐஸ் பெக்டரிக்குள் ஒரு ஜாக்கெட்

காத்தான்குடியில் பஸ் ஏறிய புருசனும் பெண்சாதியும் எனக்கு முன் சீற்றில் இருந்தார்கள். அவர் மடியில் தடித்த புது ஜாக்கெட் ஒன்று. மனிசி கேட்ட கேள்விதான் என் காதை அந்தப் பக்கம் திருப்பியது.

"இதப் போட்டுட்டு ஐஸ் பெக்டரிக்குள்ள போய் நிண்டீங்களாமே?"

"ஓம் புள்ள. நான் வேலைக்குப் போற ருமேனியாவில குளிர் எப்பிடியெண்டு இஞ்ச ஆருக்குத் தெரியும்? மீனுக்கு ஐஸ் அடிக்கிற இடத்திலதானே பாக்கலாம்."

"கட்டாருக்கு ரெண்டு சாரன், நாலு சேட்டோட போன மனிசன்!"

"அது வெயில். இதுக்கு ஒருத்தன் மூணு ஜாக்கெட் வேணுமெண்டுறான், மத்தவன் ஒண்டும் வேணாம், அங்க வாங்கலாமெண்டுறான். பேக்கில சாரன வெச்சா ஜாக்கெட் கொள்ளுதில்ல, ஜாக்கெட்ட வெச்சா சாரன் கொள்ளுதில்ல. நேத்து நாலு தரம் அடுக்கிக் கலைச்சிட்டன்."

"இடுப்பில சாரன் இல்லாட்டி ஒங்களுக்கு நித்திரை வராதே."

"அதான் இதக் கடையில திருப்பிக் குடுப்பமா எண்டு பாக்கன். நீ என்ன சொல்றா?"

"எனக்கென்ன தெரியும்? நான் ருமேனியாவக் கண்டனா?"

பஸ் கல்லடிப் பாலத்தில் ஏறியது. வாவிக் காத்து வெக்கையாய் உள்ளே வந்தது.

"சரி, ஐஸுக்குள்ள தாங்கினீங்களா?"

"கொஞ்ச நேரம் தாங்கினன். பிறகு கை விறைச்சிட்டு. கதவத் தட்டினன், உடன திறந்துட்டாங்க."

மனிசி ஜாக்கெட்டின் கையைத் தடவினாள்.

"அங்க ரெண்டு வருசம். எந்தக் கதவத் தட்டுவீங்க?"

அவர் ஜாக்கெட்டின் சிப்பை மேலே இழுத்தார், கீழே இழுத்தார், திரும்பவும் மேலே இழுத்தார்.